ஸ்வான்ஸியின் கடலோர மைதானம்

மாதுங்காவாசிகளாகிய நமக்கு ரவி சாஸ்திரி அயலார் அல்லர். டான் பாஸ்கோ பள்ளியிலும் போதார் கல்லூரியிலும் படித்தவர். நம் வீதிகளில் பந்தும் மட்டையுமாகத் திரிந்த பிள்ளைகளுள் ஒருவர். அவர் 1985ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி வான்கடே மைதானத்தில் பரோடா அணியைப் படுத்திய பாட்டைப் பழைய அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திலக் ராஜ் வீசிய ஓர் ஓவரின் ஆறு பந்துகளையும் ஸிக்ஸர்களாக அடித்தார். அதே ஆட்டத்தில் 113 நிமிஷங்களில் இரட்டைச் சதமும் எட்டினார். மறுநாள் காலை இவ்வட்டாரத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் காப்பி ஆறிப்போனது கூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது நாம் கவனிக்கத் தவறாத செய்தி ஒன்று உண்டு. அன்று அவர் ஈடுகட்டியதும் முறியடித்ததும் வெவ்வேறு இரண்டு சாதனைகள். ஒன்று, 1968இல் கார்பீல்ட் ஸோபர்ஸ் ஓர் ஓவரில் அடித்த ஆறு ஸிக்ஸர்கள். மற்றொன்று, 1976இல் கிளைவ் லாயிட் 120 நிமிஷங்களில் அடித்த இரட்டைச் சதம். 1903 முதல் ஜெஸ்ஸப் என்பவர் பெயரில் இருந்த சாதனைக்கு அது நிகரானது. இவ்விரண்டும் நடந்த இடம் ஒன்றே. வேல்ஸ் நாட்டின் தென்கரையில், ஸ்வான்ஸி என்னும் துறைமுகப் பட்டணத்தில், கடலை ஒட்டியிருக்கும் ஸெயின்ட் ஹெலன்ஸ் மைதானமே அது. பதினேழு ஆண்டுகளாகவும் ஒன்பது ஆண்டுகளாகவும் அங்கே குடியிருந்த புகழ் இரண்டும் ஒரே பிற்பகலில் மும்பைக்கு வந்து சேர்ந்தன.

அந்த மைதானத்தை என்றேனும் கண்ணால் காண்போம் என்று நாம் நினைத்ததில்லை. நம் மகளும் மருமகனும் பிழைப்பை நாடி அவ்வூருக்குப் போனார்கள். அதனால் 2018ஆம் ஆண்டுக் கோடையில் நமக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. பிள்ளைகள் ஓர் ஊரிலும் பெற்றோர் மற்றோர் ஊரிலுமாக வாழ்வது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. நம் தந்தையார் திருநெல்வேலியை விட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார். நம் மகள் விமானமேறினாள். தூரந்தான் வேறு.

வேல்ஸ் மக்கள் தம் மொழியில் அவ்வூரை அபெர்ட்டாவே என்கிறார்கள். தாவே ஆற்றின் முகத்துவாரம் என்பது பொருள். ஒரு காலத்தில் உலகத்துச் செம்பில் பெரும்பகுதி அங்கே உருக்கப்பட்டது. 1807ஆம் ஆண்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு மனிதரை ஏற்றிய ரயில் பாதை, உலகத்திலேயே முதலாவது, அவ்வூரிலிருந்து மம்பிள்ஸ் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு ஓடியது. முதலில் அதைக் குதிரைகள் இழுத்தன. அது மைதானத்தின் அருகாகவே கரையோரம் சென்றது. 1960 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். 1941 பிப்ரவரியில் மூன்று இரவுகள் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்து நகரின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கின. இவ்வளவையும் பார்த்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தைப் பெரிதுபடுத்திப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவ்வூர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், செம்பைப் பற்றி இரண்டு வாக்கியமும் மைதானத்தைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசுகிறார்கள்.

மைதானம் இயற்கையாக அமைந்ததன்று. 1870களில் மணல்மேடுகளைச் சமன்படுத்திப் புல் வளர்த்து உண்டாக்கியது. ஒருபுறம் சாலை, அதற்கு அப்பால் விரிகுடா. மற்றொரு புறம் மேட்டில் வரிசையாக வீடுகள். ஆட்டக்காரர்கள் தங்கும் கட்டடம் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட படிவரிசை இறங்கி வரவேண்டும். ஓட்டம் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தவனுக்கு அப்படிகளில் ஏறிப் போவதே தண்டனை என்றார் நம்மருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர். அடியில் மணல் இருப்பதால் அத்தரை சுழற்பந்துக்கு ஏற்றது. கடல் ஏறும் வேளையில் பந்து அதிகமாகத் திரும்பும் என்பது ஊரார் நம்பிக்கை. சாஸ்திரம் இதற்கு என்ன சொல்லுமோ, அந்த நம்பிக்கையால் எதிரணியினருக்கு ஏற்பட்ட கலக்கம் மெய்யானது.

கிரிக்கெட்டுக்கும் ரக்பி என்னும் காற்பந்துக்கும் அது பொது வீடு. வேல்ஸ் நாட்டு ரக்பி அணி தன் சொந்த மண்ணில் ஆடிய முதல் சர்வதேசப் பந்தயம் 1882 டிசம்பரில் அங்கேதான் நடந்தது. இரண்டு ஆட்டங்களையும் ஓர் உடலில் சுமந்தவர் பில்லி பாங்க்ராப்ட். மைதானத்தைப் பராமரித்த குடும்பத்தில் பிறந்தவர். புல் வெட்டும் வேலையும் மைதானத்தைச் சுற்றி ஓடும் விளையாட்டும் அவருக்கு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். வேல்ஸுக்காகத் தொடர்ந்து 33 ரக்பிப் பந்தயங்கள் ஆடினார். கிளாமர்கன் கிரிக்கெட் கிளப் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்ட முதல் ஆட்டக்காரரும் அவரே.

கிளாமர்கன் என்பது அப்பகுதியின் பெயர். 1888இல் கார்டிப் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடிய கனவான்கள் அந்தக் கிளப்பைத் தோற்றுவித்தார்கள். இங்கிலாந்தின் முதல்தரக் கவுண்டி அணிகளுள் ஒன்றாக இடம் பெற அதற்கு 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் பந்தயத்தில் ஸஸெக்ஸ் அணியை 23 ஓட்டங்களில் வென்று மகிழ்ந்தார்கள். பிறகு பல ஆண்டுகள் தோல்வியே தொழிலாயிற்று. முப்பதுகளில் பணமும் இல்லை. தலைவராகவும் காரியதரிசியாகவும் இருந்த மாரிஸ் டர்ன்புல் ஊர் ஊராகச் சென்று நடன விருந்துகள் நடத்தி நிதி சேர்த்தார். நம் சங்கத்தின் பழைய காரியதரிசிகள் பொங்கல் விழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியதை நினைத்துக்கொண்டோம். டர்ன்புல் கிரிக்கெட்டில் இங்கிலாந்துக்கும் ரக்பியில் வேல்ஸுக்கும் ஆடியவர். 1944 ஆகஸ்டில் நார்மண்டிப் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அவர் கட்டிக் காத்த அணி வாகை சூடியதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1927ஆம் ஆண்டுச் செய்தியை இங்கே சொல்லாமல் விட முடியாது. அந்தப் பருவம் முழுவதும் கிளாமர்கன் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. ஆகஸ்டு இறுதியில் நாட்டிங்ஹாம்ஷையர் அணி ஸ்வான்ஸிக்கு வந்தது. தோற்காமல் திரும்பினாலே சாம்பியன் பட்டம் அவர்களுக்கு உறுதி. ஒரு வெற்றியும் காணாத அணியிடம் தோற்பானேன்? ஆயினும் தோற்றார்கள். மெர்ஸர், ரையன் என்ற இரு பந்துவீச்சாளர்கள் இரண்டாவது இன்னிங்ஸில் அவர்களை 61 ஓட்டங்களில் சுருட்டிவிட்டார்கள். ஒரு இன்னிங்ஸும் 81 ஓட்டங்களும் வித்தியாசம். பட்டம் லங்காஷையருக்குப் போயிற்று. ஸ்வான்ஸி மக்கள் மைதானத்தில் திரண்டு நின்று தங்கள் நாட்டுக் கீதத்தைப் பாடினார்கள். பட்டம் வென்றவர்கள் கூட அன்று அவ்வளவு மகிழ்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

போருக்குப் பின் தலைமை ஏற்றவர் வில்ப் வூல்லர். ஜப்பானியரிடம் ஜாவாவில் பிடிபட்டு, சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் வாடித் திரும்பியவர். மலேயா, சிங்கப்பூரில் உறவினர் உள்ள நம் அன்பர்களுக்கு அச்சிறையின் பெயரே போதும். அவர் தலைமையில் 1948இல் கிளாமர்கன் முதன்முதலாகச் சாம்பியன் ஆயிற்று. பூர்ன்மத் என்ற ஊரில் ஹாம்ப்ஷையரின் கடைசி விக்கெட்டை வீழ்த்தியவர் ஜானி க்ளே. அப்போது அவருக்கு வயது 50! 1921இல் ஆடத் தொடங்கிய முதல் அணியினருள் ஒருவர். அந்த விக்கெட்டுக்கு விரலை உயர்த்திய நடுவர் கிளாமர்கனின் பழைய ஆட்டக்காரர் டை டேவிஸ். பட்டம் நமக்கே என்று அவரும் சேர்ந்து சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. நடுவர்கள் இவ்வாறு நடந்துகொள்வது முறையன்று. ஆனால் அந்த ஒரு பிழையை வேல்ஸில் எவரும் குறை சொன்னதில்லை.

1951இல் தென்னாப்பிரிக்கர்கள் ஸ்வான்ஸியில் ஆடிய ஆட்டத்தை நம் முதியவர் தம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறார். இரு தரப்பும் முதல் இன்னிங்ஸில் 111. வெற்றிக்கு 148 தேவை என்ற நிலையில் தென்னாப்பிரிக்கர்கள் விக்கெட் இழப்பின்றி 54 எடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் சிலர் எழுந்து வீட்டுக்குப் புறப்பட்டிருப்பார்கள். அடுத்த முக்கால் மணி நேரத்தில் பத்து விக்கெட்டுகளும் விழுந்தன. சேர்ந்த ஓட்டங்கள் 29 மட்டுமே. மெக்கானன் 'ஹாட்ரிக்' எடுத்தார்; மன்ஸர் 10 ஓட்டங்களுக்கு நான்கு பேரை வீழ்த்தினார். அன்று மாலையும் பாட்டுத்தான். 1964இலும் 1968இலும் ஆஸ்திரேலியர்களை இதே மைதானத்தில் வென்றார்கள். இரண்டாம் முறை அணிக்குத் தலைமை வகித்தவர் டான் ஷெப்பர்ட். 2,218 விக்கெட்டுகளை வீழ்த்தியும் ஒரு டெஸ்ட் பந்தயம் கூட ஆட வாய்க்காதவர். இதைச் சொன்னபோது முதியவரின் குரல் சற்றுக் கடுமையாயிற்று. ஐம்பதாண்டுக்கு முந்தைய அநீதிக்கு இன்னும் சூடு ஆறவில்லை.

இனி அந்த ஓவர்.

1968 ஆகஸ்டு 31, சனிக்கிழமை. எதிரணி, 1927இல் பட்டத்தை இழந்து திரும்பிய அதே நாட்டிங்ஹாம்ஷையர். தலைவர் ஸோபர்ஸ். விரைவாக ஓட்டங்களைச் சேர்த்து இன்னிங்ஸை முடித்துக்கொள்வது அவருடைய எண்ணம். பந்து வீசியவர் மால்கம் நாஷ், வயது 23. இடக்கையால் மிதவேகத்தில் பந்தைக் காற்றில் வளைப்பது அவருடைய கலை. அன்று என்ன நினைத்தாரோ, மெதுவாகச் சுழற்றி வீசிப் பார்க்க விரும்பினார். முதல் நான்கு பந்துகளும் எல்லைக்கு அப்பால் பறந்தன. ஐந்தாவது பந்து சற்றே தாழ்ந்து சென்றது. எல்லையில் நின்ற ரோஜர் டேவிஸ் அதைப் பிடித்துவிட்டார். பிடித்த வேகத்தில் பின்புறமாகச் சாய்ந்து கோட்டைக் கடந்து விழுந்தார். ஸோபர்ஸ் அவுட்டா, இல்லையா? நடுவர்கள் கூடிப் பேசி ஸிக்ஸர் என்றார்கள். ஆறாவது பந்து மைதானத்தையே விட்டு வெளியேறித் தெருவில் இறங்கி ஓடிற்று. தற்செயலாக அன்று வேல்ஸ் டெலிவிஷன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வர்ணனை செய்தவர் நாம் முன்பு சொன்ன வில்ப் வூல்லர். தம் கிளப்பின் பந்துவீச்சாளர் அடிபடுவதைக் கண்டு அவர் குரலில் பொங்கியது உற்சாகமே. அந்தப் படத்தை இன்றும் கேட்கலாம்.

அன்று மைதானத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை எல்லாம் ஒன்று சேர்த்தால் ஸ்வான்ஸி விரிகுடா கூடக் கொள்ளாது என்று முதியவர் சிரித்தார். தாம் மெய்யாகவே இருந்ததாகவும் சேர்த்துச் சொன்னார். பந்து போன திக்கைத் தம் கைத்தடியால் காட்டினார். அந்தப் பந்தின் கதையே தனி. ஒரு பந்து 2006இல் ஏலத்தில் 26,400 பவுனுக்கு விலைபோயிற்று. பிறகு, அன்று வீசியது வேறு கம்பெனியின் பந்து என்று நாஷே சொல்ல, விலை கொடுத்தவர் வாங்கியது எந்தப் பந்து என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் மனத்தைத் தொட்டது ஸோபர்ஸின் அடி அன்று. அதைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. ஒரு கிளப் தன் ஆள் பட்ட அடியைத் தன் பெருமைகளோடு ஒன்றாக வைத்துப் போற்றுவதுதான் நமக்குப் புதுமையாக இருந்தது. நாஷை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. மறு ஆண்டே, 1969இல், கிளாமர்கன் ஒரு பந்தயத்திலும் தோற்காமல் சாம்பியன் ஆனபோது அவர் அந்த அணியின் முக்கியப் பந்துவீச்சாளர்களுள் ஒருவர். பின்னர் அணித்தலைவராகவும் ஆனார். 1977இல் அதே மைதானத்தில் லங்காஷையரின் பிராங்க் ஹேஸ் அவருடைய ஓர் ஓவரில் 34 ஓட்டங்கள் அடித்தார்: ஐந்து ஸிக்ஸர், ஒரு நான்கு. வேறொருவராக இருந்தால் மைதானத்தை மாற்றிக்கொண்டிருப்பார். நாஷோ 1983 வரை வீசிக்கொண்டே இருந்து 993 விக்கெட்டுகள் எடுத்தார். ஆயிரத்துக்கு ஏழு குறைவு. உலகம் அந்த 993ஐ மறந்து ஆறு பந்துகளை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. ஸ்வான்ஸியில் மட்டும் இரண்டையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஸோபர்ஸும் அவரும் பின்னாளில் நண்பர்கள். நாஷ் 2019 ஜூலையில் காலமானார்.

1987இல் ரவி சாஸ்திரி கிளாமர்கனில் சேர்ந்து 1991 வரை ஆடினார். ஸோபர்ஸின் சாதனையைப் பகிர்ந்துகொண்டவர் ஸோபர்ஸ் அடித்த மைதானத்துக்கே சொந்தக்காரராக வந்தது யார் போட்ட கணக்கோ அறியோம். "உங்கள் ஊர்க்காரர்தானே அவர்?" என்று முதியவர் கேட்டார். "நாங்கள் குடியேறிய ஊர்க்காரர்" என்றோம். அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியிருக்கும் என்று எண்ணினோம், வேண்டியிருக்கவில்லை. வேல்ஸ்காரருக்கு அது சட்டென்று விளங்குகிறது. காரணம் இருக்கிறது. வேல்ஸுக்கென்று டெஸ்ட் அணி கிடையாது. ரக்பியில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடும் பிள்ளை, கிரிக்கெட்டில் இங்கிலாந்தின் சட்டையை அணிந்துதான் ஆட வேண்டும்.

அப்படி அணிந்தவர்களுள் ஒருவரை நம் தமிழ்நாடும் கண்டிருக்கிறது. ஸோபர்ஸ் அடித்த அன்று கிளாமர்கனின் தலைவராக மைதானத்தில் நின்றவர் டோனி லூயிஸ். ஸ்வான்ஸியில் பிறந்தவர். 1972-73இல் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கி இந்தியா வந்தார். டில்லியில் கிறிஸ்துமஸ் தினத்தன்று வென்றார். கான்பூரில் சதம் அடித்தார். 1973 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடந்த பந்தயத்தில் இந்தியா நான்கு விக்கெட் வித்தியாசத்தில் அவரை வென்றது. அன்று பம்பாயில் நாம் ரேடியோப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து, கரும்பைக் கடித்துக்கொண்டே அந்த வர்ணனையைக் கேட்டோம். எதிரணித் தலைவரை இங்கிலீஷ்காரர் என்றே எண்ணினோம். முதியவரிடம் இதைச் சொன்னதும் அவர் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார். அவ்வளவே அவருடைய மறுமொழி.

நம் பேரன் அப்போது ஒன்பது வயதுச் சிறுவன். பள்ளியில் ஆங்கிலத்தோடு வேல்ஸ் மொழியும் அவனுக்குக் கட்டாயப் பாடம். வீட்டில் பாட்டியிடம் தமிழ். மூன்றையும் கலக்காமல் பேசுவான். எண்ணும்போது மட்டும், கோபம் வந்தால் தமிழில் எண்ணுவான். மைதானத்தில் சனிக்கிழமைப் பந்தயம் ஒன்றை மூவருமாகப் பார்த்தோம். கூட்டம் ஐம்பது பேர் இருக்கலாம். நம் இல்லத்தரசி கொண்டு வந்திருந்த புளியோதரையில் முதியவரும் பங்கு பெற்றார். காரம் அதிகம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

மறு ஆண்டு, 2019இல், கிளாமர்கன் அங்கே தன் கடைசிக் கவுண்டிப் பந்தயத்தை ஆடிற்று. பெரிய ஆட்டங்கள் யாவும் ஏற்கெனவே கார்டிப்புக்குப் போய்விட்டிருந்தன. கார்டிப்பில் வசதிகள் அதிகம், வருவாயும் அதிகம். நியாயத்தை மறுப்பதற்கில்லை. 2024இல் தொழில்முறை ரக்பி அணியொன்று ஸெயின்ட் ஹெலன்ஸைத் தன் இல்லமாகத் தேர்ந்தெடுத்தது. கிரிக்கெட் வேறிடம் பெயர வேண்டும் என்ற பேச்சும் உடன் வந்தது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் குடியிருந்த வீடு. வாடகைக்கு இருந்தவன் வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் பென்சிலால் குறித்த பிள்ளைகளின் உயரக் கோடுகளை எப்படி எடுத்துச் செல்வது என்று தவிப்பானே, அதுவே நினைவுக்கு வந்தது. இம்மாநகரில் மூன்று வீடு மாறிய நமக்கு அத்தவிப்பு நன்றாகத் தெரியும்.

மகள் தொலைபேசியில் இச்செய்தியைச் சொன்னபோது, முதியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். முழங்கால் வலியால் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாராம். பேரன் அவரைப் போய்ப் பார்த்து வருகிறான். அவனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. சிறுவர் அணியில் இடக்கையால் மிதவேகமாகப் பந்து வீசுகிறான். கொஞ்சம் சுழற்பந்தும் பழகிக்கொள் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். பாட்டிக்கு அது சற்றும் பிடிக்கவில்லை.